ஒரு வருடத்தில் நாலாவது தடவை சலக்கடுப்பு. இப்போது ரிப்போட் சுத்தம், எரிவு மட்டும் போகவில்லை

பெரியகல்லாறு_ரீச்சர் | ஞாயிறு, இரவு 9.40

இதைப் பெயர் போட்டு முகநூலில் கேட்க ஏலாது, அதனால் இங்கே கேட்கிறேன். வயது 43. இரண்டு பிள்ளைகள். போன மாசியில் முதல் தடவை சலக்கடுப்பு வந்தது. போகும்போது நெருப்பு மாதிரி எரிவு, போய் வந்த அடுத்த நிமிடமே திரும்பப் போக வேண்டும் என்ற உணர்வு. பாமசியில் சொன்னேன், ஐந்து நாள் அன்டிபயோடிக் தந்தார்கள். மூன்றாம் நாளே சுகம், மீதியை வைத்துவிட்டேன். வைகாசியில் திரும்ப வந்தது. மீதியைப் போட்டேன். ஆவணியில் திரும்ப. இந்த முறை வேறு குளிசை, விலையும் கூட.

நாலாவது தடவை போன மாதம். டொக்டரிடம் போனேன், கல்ச்சர் (சலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதினார். ரிப்போட்டில் கிருமி வளரவில்லை என்று வந்தது. சரி, சந்தோசப்பட வேண்டியதுதானே? ஆனால் எரிவு இருக்கிறது. அடிவயிற்றில் ஒரு பாரம். இரவில் மூன்று தடவை எழும்புகிறேன். மாமி 'உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைச்சுக் குடி' என்கிறார். அவர் (கணவர்) எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மாதிரியான அமைதி. உங்களில் யாருக்காவது இப்படி இருந்து சுகமானதா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கான மலசலகூடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். திறப்பு (சாவி) ஒபிசில். வாளியில் தண்ணீர் இருக்கும் நாளை விட இல்லாத நாள்தான் கூட. சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பதை நினைத்தாலே போக மனம் வராது. காலை ஏழரைக்குப் போய் ஒன்றரைக்கு வீட்டுக்கு வரும் வரை அடக்குவேன். அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. பதினேழு வருடமாக இதுதான் பழக்கம்.

வாவிக்கரை_லாப் | ஞாயிறு, இரவு 10.25

ரீச்சர், நான் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கேள்வி. முதல் மூன்று தடவையும் குளிசைக்கு முன்னம் சலம் (சிறுநீர்) சோதித்தீர்களா?

பெரியகல்லாறு_ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.31

இல்லை. நாலாவது தடவை கல்ச்சருக்குக் கொடுத்ததும் இரண்டு குளிசை போட்ட பிறகுதான். எரிவு தாங்க ஏலாமல் போட்டேன்.

வாவிக்கரை_லாப் | ஞாயிறு, இரவு 11.02

நினைத்தேன். அப்படியானால் அந்தச் சுத்தமான ரிப்போட்டை நம்பி எந்த முடிவுக்கும் வர ஏலாது. குளிசை போட்ட பிறகு எடுத்த சலத்தில் கிருமி வளராமல் போவது பெரிய விசயமில்லை. முதல் மூன்று தடவையும் கிருமிதானா என்பதற்கும் அத்தாட்சி இல்லை. இருப்பது ஊகம் மட்டும்.

சலம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிழை இங்கேதான். ஆட்கள் ஹோர்லிக்ஸ் போத்தலில், ஜாம் போத்தலில், ஒரு தடவை ஊறுகாய் போத்தலில் கொண்டு வந்தார்கள், மூடியில் மிளகாய் விதை ஒட்டி இருந்தது. கல்ச்சருக்கு ஆஸ்பத்திரியோ லாபோ தரும் கிருமி நீக்கிய போத்தல்தான். உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. சலம் எடுக்குமுன் உடம்பில் அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், டெட்டோல் வேண்டாம். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிடுங்கள்.

மறுகா (அடுத்தது) நேரம். எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் லாபுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பிரிட்ஜில் வைக்க வேண்டும். ஈ.கோலை என்ற கிருமிதான் சலக்கடுப்பில் பெரும்பாலான தடவை வருவது, அது குடலில் இருப்பது. வசதியான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். கச்சான் காத்து வீசும் ஆடி மாதத்தில் போத்தலை மோட்டார்சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்து வாகரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டு வந்தால் என்ன நடக்கும்? பத்துக் கிருமி நூற்றுக்கணக்கில் வந்து சேரும். ரிப்போட்டில் 'கலப்பு வளர்ச்சி' என்று வந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்த கலப்படம், வருத்தமில்லை.

யூ.எஃப்.ஆர். (சாதாரண சலச் சோதனை) ரிப்போட்டில் 'பஸ் செல்' (சீழ் அணு) 10, 15 என்று பார்த்ததும் எல்லோரும் பயப்படுவார்கள். பக்கத்தில் எபிதீலியல் செல் (தோலின் மேற்படையிலிருந்து உதிரும் அணு) நிறைய என்று இருந்தால் வெள்ளைபடுதல் கலந்த சாம்பிளாக இருக்கலாம், திரும்ப எடுக்க வேண்டும்.

மருந்துக்கடை_பொடியன் | திங்கள், காலை 6.15

ஒரு பாமசியில் வேலை செய்கிறேன், இங்கே யாரையும் திட்ட வரவில்லை. ஆனால் 'தம்பி, போன முறை தந்த அதே சலக்கடுப்புக் குளிசை' என்று ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வருவார்கள். கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். சட்டப்படி டொக்டரின் சிட்டு இல்லாமல் தரக் கூடாது. நடப்பது வேறு.

கிருமி கண்டுபிடிக்கப்பட்டு டொக்டர் எழுதினால், சொன்ன நாள் முழுதும் போடுங்கள். ரீச்சர் வைகாசியில் செய்த மாதிரி மிச்சத்தைச் சேமித்து வைக்க வேண்டாம். நைட்ரோஃபுரன்டொயின் என்று எழுதினால் சாப்பாட்டோடு போடுங்கள், இல்லையென்றால் வயிறு பிரட்டும். சலம் கடும் மஞ்சளாக, சில நேரம் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போகும். இரண்டு தடவை ஆட்கள் இரத்தம் என்று பயந்து ஓடி வந்தார்கள். கிட்னி பழுதானவர்களுக்கு அது பொருந்தாது, டொக்டரிடம் சொல்ல வேண்டும். சலத்தின் புளிப்பை மாற்றும் சிரப்பைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள், அந்தக் குளிசையின் வேலையைக் குறைக்கும்.

சாய்ந்தமருது_ராத்தா | திங்கள், பகல் 2.50

ரீச்சர், என் கதை கேளுங்கோ. சீனி வருத்தம் எனக்குப் பத்து வருசம். போன வருசம் குளிசை மாத்தினாங்க. கொஞ்ச நாளில் எரிவும் கடியும் (அரிப்பு). நானும் சலக்கடுப்பு என்றுதான் நினைச்சன். ஒரு அன்டிபயோடிக், மறுகா இன்னொன்று, மறுகா மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் கூடிச்சே தவிர குறையல்ல. கடைசியில் லேடி டொக்டர் ஒருத்தர் சோதித்துப் பார்த்துச் சொன்னார், சலப்பையில் ஒன்றும் இல்லை, கீழே பூஞ்சணம். புதுக் குளிசை உடம்பில் இருக்கிற சீனியைச் சலத்தோட வெளியேத்துமாம், அதில் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அன்டிபயோடிக் போடப் போட நல்ல கிருமி செத்து பூஞ்சணம் இன்னும் கூடும். மூன்று மாதமாக நான்தான் அதுக்குத் தீனி போட்டிருக்கிறன். பூஞ்சணத்துக்கு மருந்து, ஒரு கிழமையில் சுகம். சீனிக் குளிசையை அவரே மாத்தித் தந்தார். நீங்க யாரும் சொந்தமா நிப்பாட்டாதீங்க.

நோன்பு காலத்தில் இந்த வருத்தம் எங்கட பக்கத்தில் கூடும். விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி ஒரே மூச்சில் மூன்று கிளாஸ் குடிச்சா அது கொஞ்ச நேரத்தில் போயிடும். நோன்பு திறந்ததிலிருந்து தூங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கோணும். வருத்தக்காரங்களுக்கு நோன்பில் விலக்கும் இருக்கு, பிறகு கழாச் செய்யலாம் (விட்ட நோன்பை வேறு நாளில் பிடிக்கலாம்).

ஆரையம்பதி_மகன் | திங்கள், இரவு 8.05

ஆம்பிளை நான் இதில் எழுதலாமா தெரியவில்லை. அம்மாவுக்கு 68. வருடத்துக்கு ஐந்தாறு தடவை. அம்மா எனக்குச் சொல்லவே மாட்டா, அக்காவிடம் சொல்வா, அக்கா என் மனிசியிடம், மனிசி எனக்கு. செய்தி வந்து சேர ஒரு கிழமை. அதற்குள் காய்ச்சல்.

கடைசியில் பெண்நோய் கிளினிக்கில் ஒரு கிரீம் எழுதினார்கள். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்து போகுமாம், காவலுக்கு இருந்த நல்ல கிருமிகளும் போய்விடும். முதல் இரண்டு கிழமை தினமும் இரவு, பிறகு கிழமைக்கு இரண்டு தடவை உள்ளே வைக்க வேண்டும். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை, 'இந்த வயசில் இது என்ன கூத்து' என்றா. அக்கா வந்து மூன்று நாள் நின்று பழக்கினா. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் எடுத்தது. இந்த வருடம் இதுவரை ஒரு தடவைதான்.

இன்னொன்று. சீனிக் கிளினிக்கில் சும்மா எடுத்த சலத்தில் கிருமி இருக்கிறது என்று வந்தது, அம்மாவுக்கு எரிவு, காய்ச்சல் ஒன்றும் இல்லை. நான் குளிசை கேட்டேன். டொக்டர் தரவில்லை. வயதானவர்களுக்கு அப்படிச் சும்மா இருப்பது சாதாரணம், நோய்க்குறி இல்லாமல் மருந்து போட்டால் பிறகு வேண்டிய நேரம் மருந்து கேட்காது என்றார். கர்ப்பிணிகள் என்றால் வேறு, அவர்களுக்குக் குறி இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்பார்களாம்.

நெருஞ்சி_வைத்தியம் | திங்கள், இரவு 9.30

இவ்வளவு பேர் எழுதுகிறீர்கள், ஒருத்தராவது நெருஞ்சி முள் குடிநீர் சொல்லவில்லையே! எங்கள் அம்மம்மா வயல்கரையில் பிடுங்கிக் காயவைத்து இடித்து வைத்திருப்பா. கைப்பிடி போட்டு அவித்து வடித்துக் குடித்தால் மூன்று நாளில் எல்லாம் அடங்கும். பார்லித் தண்ணியும் அப்படித்தான். இளநீர், வெள்ளரிக்காய். ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை.

வாவிக்கரை_லாப் | திங்கள், இரவு 9.52

என் அம்மாவும் நெருஞ்சி அவித்தவதான், நான் அதைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் பலனில் பாதி அந்த ஒரு செம்புத் தண்ணீர். தண்ணீருக்கே சோதித்த கணக்கு இருக்கிறது: அடிக்கடி சலக்கடுப்பு வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கிற 140 பெண்களை எடுத்து, பாதிப் பேரை வழமையை விட ஒன்றரை லீட்டர் கூடக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் குடிக்காதவர்களுக்குச் சராசரி 3.2 தடவை, குடித்தவர்களுக்கு 1.7. ஆய்வு 2018இல் வெளிவந்தது. ரீச்சர், உங்கள் பதினேழு வருடக் கதைக்கு இதுதான் நேர்ப் பதில். (இருதயம், கிட்னி வருத்தத்துக்குத் தண்ணீர் அளந்து குடிக்கச் சொன்னவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது.)

'ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை' என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சலோடு நடுக்கம், விலாப் பக்கம் முதுகு நோ, சத்தி (வாந்தி), இதில் ஒன்று வந்தால் கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் காத்திருக்கவே கூடாது. நெருஞ்சியும் பார்லியும் வீட்டில் அவிந்துகொண்டு இருக்கட்டும், நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வான் பிடியுங்கள்.

கல்முனை_மெளனம் | செவ்வாய், இரவு 11.48

யாரும் எழுதாததை எழுதுகிறேன். கல்யாணமாகி முதல் வருடம் எனக்கு ஆறு தடவை. ஒவ்வொன்றும் கணவரோடு சேர்ந்த அடுத்த நாள் அல்லது அதற்கடுத்த நாள். மாமியார் வீட்டில் 'எங்கட பொடியன் சுத்தமானவன், இவள் என்னத்தைக் கொண்டு வந்தாளோ' என்ற பேச்சு வரை போனது. நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னை.

சலக்கடுப்பு ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றும் பாலியல் நோய் இல்லை. பெண்களுக்குச் சலக்குழாய் நாலு சென்டிமீட்டர்தான், பக்கத்தில் இருக்கும் குடல் கிருமி உராய்வில் உள்ளே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான் விசயம். முடிந்தவுடன் எழும்பிப் போய்ச் சலம் கழித்து வரச் சொன்னார் டொக்டர். எனக்கு அது மட்டும் போதவில்லை, ஆறு மாதம் சேரும் நாளில் மட்டும் ஒரு சின்னக் குளிசை தந்தார். பிறகு வரவில்லை. ரீச்சர், அந்த 'ஒரு மாதிரியான அமைதி'யை உடைத்துவிடுங்கள். அவரையும் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். நான் செய்ய இரண்டு வருடம் எடுத்தேன். (எரிவு இருந்து கிருமி இல்லை என்றால் கிளமீடியா மாதிரி, பாலுறவால் தொற்றும் மற்றத் தொற்றுகளுக்கும் சோதிப்பார்கள், அதையும் வெட்கப்படாமல் செய்துவிடுங்கள்.)

பெரியகல்லாறு_ரீச்சர் | புதன், அதிகாலை 4.10

இரவு மூன்றாவது தடவை எழும்பியபோது இதை வாசித்தேன். அழுதேன். நன்றி தங்கச்சி.

தாழங்குடா_சுதா | புதன், இரவு 7.20

ரீச்சர், உங்கள் முதல் பதிவில் ஒரு வரியைத் திரும்ப வாசியுங்கள்: 'அடிவயிற்றில் ஒரு பாரம்'. சலப்பை நிரம்ப நிரம்ப அது கூடி, போய் வந்ததும் கொஞ்ச நேரம் குறைகிறதா? அப்படியென்றால் எனக்கு இருப்பதுதான் உங்களுக்கும் இருக்கலாம். சலப்பை நோவு என்று ஒரு வருத்தமே இருக்கிறது. கிருமி இல்லாமல், ஆறு கிழமைக்கு மேல் நோவும் அடிக்கடி போவதும் இருந்து, வேறு காரணம் ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். நான் அதைத் தெரிந்துகொள்ளுமுன் பதினொரு தடவை அன்டிபயோடிக் போட்டேன். கல்ச்சர் எடுத்தது இரண்டே தடவை, இரண்டும் சுத்தம்.

எனக்கு உதவியது ஒரு கொப்பியும் ஒரு அளவு ஜக்கும். மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி, எத்தனை மில்லி, என்ன குடித்தேன், நோவு பத்தில் எத்தனை. வளர்ந்த ஆளுக்கு ஒரு தடவையில் முந்நூறு நானூறு மில்லி போக வேண்டும். என் கொப்பியில் 80, 110, 70. ஒரு நாளைக்குப் பத்தொன்பது தடவை. டொக்டர் அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை நான் வாயால் சொன்னது 'அடிக்கடி' என்ற ஒரு சொல்தான்.

சாப்பாட்டில் எனக்கு எதிரி பிளேன்ரீ. அடுத்தது பச்சைமிளகாய், தேசிக்காய், தக்காளி. எல்லோருக்கும் ஒரே எதிரி இல்லை, எல்லாவற்றையும் இரண்டு மூன்று கிழமை நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புளியாணம் விட்டு இரண்டு கிழமை பாலாணமும் சோறும் தின்றேன், வீட்டில் பிள்ளைகள் போராட்டமே நடத்தினார்கள். எருமைத்தயிர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அதுவும் போயிருந்தால் நான் மட்டக்களப்பில் இருந்து என்ன பயன்.

மீன்பாடும்_குரல் | புதன், இரவு 8.00

சுதா அக்கா, கீழ்த்தசையை இறுக்கி விடும் பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, அது உதவுமா?

தாழங்குடா_சுதா | புதன், இரவு 8.14

நானும் யூடியூப் பார்த்து அதைத்தான் செய்தேன், நோவு கூடிவிட்டது. சலம் சிந்துகிறவர்களுக்கு அது நல்லது. நோவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தசை ஏற்கனவே இறுகிக் கிடக்கும், அதைத் தளர்த்தத்தான் பழக வேண்டும். பிசியோதெரபி மிஸ் முதல் நாளே சொன்னா: 'நீங்க வாசலைப் பூட்டி வைச்சுக்கொண்டு தள்ளுறீங்க.' வயிற்றால் மூச்சு விடுவது, மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைப்பது. எனக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் தந்தார்கள். வாய் காயும், காலையில் எழும்ப ஏலாது, ஆனால் இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறேன். முழுச் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வாவிக்கரை_லாப் | புதன், இரவு 8.40

சுதா சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு. அந்தப் பெயரை வைக்குமுன் மற்றதெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டும். கல், போய் வந்த பிறகும் சலம் மிச்சம் நிற்பது, இரண்டும் ஸ்கானில் தெரியும். திரும்பத் திரும்ப பஸ் செல் இருந்து கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் காசநோய்க்கும் சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் இரத்தம் போனால், நோவே இல்லாவிட்டாலும், சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

பெரியகல்லாறு_ரீச்சர் | ஏழு கிழமைக்குப் பிறகு, சனி, பின்னேரம் 5.30

எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வந்தேன். குளிசை ஒன்றும் போடாமல் இரண்டு தடவை கல்ச்சர் கொடுத்தேன். இரண்டும் சுத்தம். ஸ்கான் சரி, சீனி இல்லை. கொப்பியில் முதல் நாள் பதினேழு தடவை, பெரியது 130 மில்லி. ஏழு பிளேன்ரீ என்பதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, வகுப்புக்கு வகுப்பு ஒரு கிளாஸ் வந்துவிடும். சலப்பை நோவு என்றுதான் சலரோக நிபுணர் சொன்னார். மன்னிக்கவும், சலரோகம் என்றால் இங்கே சீனி வருத்தம், யூரோலொஜிஸ்ட் என்று வாசியுங்கள்.

இப்போது பத்து, பதினொரு தடவை. இரவில் ஒன்று. போன கிழமை கல்யாண வீட்டில் அச்சாறு கொஞ்சம் தின்றேன், மூன்று நாள் பட்டேன். ஆனால் பாமசிக்கு ஓடவில்லை. சுடுதண்ணிப் போத்தலோடு படுத்தேன், குறைந்தது. அவரும் ஒரு தடவை கிளினிக்குக்கு வந்தார். வெளியே வந்து, 'எனக்கு ஒன்றும் விளங்கயில்ல, ஆனா நீ பொய் சொல்லயில்ல' என்றார். அவர் அப்படித்தான் கதைப்பார்.

பள்ளி மலசலகூடத் திறப்புக்கு இன்னொன்று வெட்டுவித்து ஆசிரியர் அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். முதல் நாளே நாலு பேர் எடுத்தார்கள். எல்லோரும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அக்கரைப்பற்று_மகள் | சனி, இரவு 10.55

இந்த இழையைத் தேடிப் பிடித்தேன். உம்மாக்கு ரெண்டு நாளா சலக்கடுப்பு, இப்ப காய்ச்சல், போர்வை ரெண்டு போட்டும் நடுக்கம், வலப்பக்க முதுகு நோகுதாம். வீட்டில் போன முறைக் குளிசை மிச்சம் இருக்கு. அதைப் போட்டுட்டு விடியப் போகலாமா?

வாவிக்கரை_லாப் | சனி, இரவு 10.58

வேண்டாம் மகள். இப்பவே ஆஸ்பத்திரிக்கு. மிச்சக் குளிசையையும் போன முறை ரிப்போட்டையும் கையில் கொண்டு போங்க.

அக்கரைப்பற்று_மகள் | ஞாயிறு, அதிகாலை 2.20

வார்டில் விட்டாச்சு. சேலைன் ஏத்தியிருக்கு. ஊசி போட முதல் சாம்பிள் எடுத்தாங்க, போத்தலும் அவங்கதான் தந்தாங்க. உம்மா இப்பதான் கண் அயர்ந்தா.